இமைக்கச் சொன்னது யார்?

சாயங்கால நேரம். அவிநாசி ரோட்டில் பைக்கில் போய்க் கொண்டிருக்கிறீர்கள். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கி விட்டிருக்கிறீர்கள். ஒரு சிறு பூச்சி பறந்து வந்து இமை முடியில் படுகிறது. அடுத்த கணம் இரண்டு கண்களும் மூடித் திறந்துவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் "பூச்சி போலிருக்கிறதே" என்று உங்களுக்கே தெரிகிறது.

நீங்கள் உத்தரவு கொடுக்கவில்லை. அப்படியானால் இமையை மூடச் சொன்னது யார்?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கண்ணைப் பற்றி என்ன பாடம் என்று நினைக்க வேண்டாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகளில் "கண் எரிகிறதே, ஏன்?" என்பதும் ஒன்று. அதற்குப் பதில் சொல்ல இமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேலும், இன்புட், பிராசஸ், அவுட்புட் என்ற மூன்றையும் புரிந்து கொள்ள நம் முகத்தை விட நல்ல மாதிரி கிடைக்காது.

விண்டோஸுக்கு முன்னால் ஓடும் புரோகிராம்

கம்ப்யூட்டரில் பவர் பட்டனை அழுத்தியவுடன் விண்டோஸ் வந்துவிடுவதில்லை. மதர்போர்டில் உள்ள சிப்பில் பதித்து வைத்திருக்கும் ஒரு சிறிய புரோகிராம் முதலில் ஓடுகிறது. கீபோர்ட் இருக்கிறதா, மெமரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் விண்டோஸை எழுப்புகிறது. இதை நாம் இன்ஸ்டால் செய்யவில்லை. இருப்பதே பலருக்குத் தெரியாது.

நம் உடம்பிலும் இப்படிப் பிறக்கும்போதே பதிந்து வரும் புரோகிராம்கள் உண்டு. பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் "அனிச்சைச் செயல்" என்று படித்திருப்பீர்கள். சூடான தோசைக்கல்லில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக் கொள்கிறோமே, அதுதான். ஆனால் கைக்கும் முகத்துக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. கை கால்களின் அனிச்சைச் செயல்கள் முதுகுத்தண்டு வடத்திலேயே முடிந்துவிடுகின்றன. தலையிலும் முகத்திலும் நடப்பவை மூளைத்தண்டு வழியாகப் போகின்றன. பெருமூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவில், கட்டைவிரல் அளவில் இருக்கும் பகுதி இது. மூச்சு விடுவதை ஓட்டிக் கொண்டிருப்பதும் இதே பகுதிதான். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பாடத்தின் கடைசியில் தேவைப்படும்.

தலையிலிருந்து வரும் நரம்புகள் மொத்தம் 12 ஜோடி. மருத்துவர்கள் இவற்றுக்கு வரிசை எண் கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் உள்ள போர்ட்டுகள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. சில நரம்புகள் செய்தியை உள்ளே கொண்டு வருகின்றன. சில, உத்தரவை வெளியே கொண்டு போகின்றன. சில இரண்டையும் செய்கின்றன.

இமையின் சர்க்யூட்

இனி பூச்சியிடம் திரும்புவோம்.

இன்புட்: இமை முடியிலும் கருவிழியின் மேல் படலத்திலும் தொடு உணர்வை எடுத்துச் செல்வது 5-வது நரம்பு. முகம் முழுவதற்கும் தொடு உணர்வைத் தருவது இதுதான்.

பிராசஸ்: செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கே உள்ள நரம்புச் செல்கள் அதை வலது, இடது என்று இரண்டு பக்கத்துக்கும் அனுப்புகின்றன. ஒரு கண்ணில் தூசி பட்டாலும் இரண்டு கண்களும் மூடுவதற்கு இதுதான் காரணம்.

அவுட்புட்: உத்தரவு 7-வது நரம்பு வழியாக வெளியே வருகிறது. கண்ணைச் சுற்றி வளையம் போல இருக்கும் தசை சுருங்குகிறது. இமை மூடுகிறது.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? புருவத்தின் மேல் லேசாக மின்தூண்டல் கொடுத்து இதை அளக்கிறார்கள். தொட்ட பக்கத்துத் தசையில் சுமார் 10 மில்லிசெகண்டில் முதல் அசைவு தெரிகிறது. சுமார் 30 மில்லிசெகண்டில் இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு செகண்ட் என்பது 1000 மில்லிசெகண்ட். திரையில் விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்துங்கள் என்று உங்களிடம் சொன்னால், எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் கிட்டத்தட்ட 200 மில்லிசெகண்ட் ஆகிவிடும். நீங்கள் யோசித்துச் செய்வதை விட இமை பல மடங்கு வேகம்.

கம்ப்யூட்டரில் இதற்கு "இன்ட்டரப்ட்" என்று பெயர். ஏதோ ஒரு புரோகிராம் ஓடிக் கொண்டிருக்கும்போது கீபோர்டில் ஒரு கீயை அழுத்தினால், பிராசஸர் அதை ஒரு கணம் நிறுத்திவிட்டு அந்தக் கீயைக் கவனிக்கும். இமையும் இப்படித்தான், வரிசையில் காத்திருப்பதில்லை.

ஆனால் இந்த வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உத்தரவு வந்த பிறகும் இமை முழுதாக இறங்க மேலும் சில பத்து மில்லிசெகண்ட் தேவை. மொத்தம் 100 மில்லிசெகண்ட் என்று வைத்துக் கொள்வோம். கிரைண்டிங் சக்கரத்திலிருந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் தெறிக்கும் இரும்புத் துணுக்கு அந்த நேரத்தில் 1 மீட்டர் கடந்துவிடும். கணபதி, பீளமேடு பக்கம் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "கண்ணை மூடிக்குவேனுங்க" என்று சொல்லிக் கண்ணாடி போடாமல் நிற்பவர், தன் இமையைவிட வேகமான ஒன்றோடு பந்தயம் கட்டுகிறார். வெல்டிங் வெளிச்சத்திலோ, கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிர் கலந்திருக்கிறது. அதைக் கண்டு இமைக்கவே எந்தச் சர்க்யூட்டும் இல்லை.

செய்து பாருங்கள்

இப்போது உங்களிடமே உள்ள வேறு மூன்று சர்க்யூட்டுகளைச் சோதித்துப் பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை.

1. கண்மணிச் சோதனை. இரவில் கண்ணாடி முன் நின்று விளக்கை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். கருவிழியின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம், அதாவது கண்மணி, சட்டென்று சுருங்குவதைப் பார்க்கலாம். இன்புட் 2-வது நரம்பு, அவுட்புட் 3-வது நரம்பு. இளம் வயதில் கண்மணி சுமார் 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரியக் கூடியது. விட்டம் 4 மடங்கு என்றால் பரப்பு 16 மடங்கு. இன்னொன்றும் பாருங்கள். ஒரு கண்ணைக் கையால் மறைத்து எடுத்தால் மற்றக் கண்ணின் மணியும் விரிந்து சுருங்கும். இங்கேயும் ஒரு இன்புட்டுக்கு இரண்டு அவுட்புட்.

2. தலையாட்டும் சோதனை. இந்தப் பக்கத்தை ஒரு கை தூரத்தில் பிடியுங்கள். பக்கத்தை அசைக்காமல், தலையை மட்டும் இடமும் வலமும் வேகமாக ஆட்டிக் கொண்டே படியுங்கள். படிக்க முடியும். இப்போது தலையை அசைக்காமல் பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்தெல்லாம் கலைந்துவிடும். என்ன காரணம்? தலை அசையும்போது காதின் உட்புறத்தில் உள்ள சிறு வளையங்கள் அதை உணர்ந்து 8-வது நரம்பு வழியாகச் சொல்கின்றன. தலை வலது பக்கம் திரும்பினால் அதே அளவு கண் இடது பக்கம் திரும்புகிறது. இந்தச் சர்க்யூட்டில் மூன்றே கட்டங்கள். எனவே சுமார் 10 மில்லிசெகண்டில் வேலை முடிந்துவிடும். பக்கம் அசைந்தாலோ, கண் பார்த்துப் பின் தொடர வேண்டும். அது மெதுவான வேலை. செல்போன் கேமராவில் கை நடுங்கினாலும் படம் ஆடாமல் வருகிறதே, அந்த வசதி நமக்குப் பிறவியிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது.

3. சோற்றில் கல். இதை நீங்கள் சோதிக்க வேண்டாம், ஏற்கனவே சோதித்திருப்பீர்கள். மென்று கொண்டிருக்கும்போது பல்லில் கல் "நறுக்"கென்று பட்டதும் தாடை தானாக நின்றுவிடும். பல்லின் வேரைச் சுற்றியுள்ள உணர்வு 5-வது நரம்பு வழியே போய், மெல்லும் தசைகளை ஒரு கணம் நிறுத்தி வைக்கிறது. இது மட்டும் இல்லாவிட்டால் ரேஷன் அரிசி சாப்பிட்ட காலத்தில் நம்மில் பாதிப் பேருக்குப் பல் இருந்திருக்காது.

தும்மலும் இந்தக் குடும்பம்தான். பஞ்சாலையிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் பறக்கும் பஞ்சுத் தூசி மூக்கில் பட்டால், 5-வது நரம்பு செய்தி சொல்லி, கண், தொண்டை, நெஞ்சு என்று பல இடங்களுக்கு ஒரே நேரத்தில் உத்தரவு போகிறது. சிலருக்கு இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்தாலே தும்மல் வரும். இது நோய் அல்ல, பரம்பரையாக வரும் ஒரு குணம்.

இமைப்பில் இரண்டு வகை

இப்போது கண் எரிச்சல் விஷயத்துக்கு வருவோம். தூசி பட்டு இமைப்பது ஒரு வகை. எதுவும் படாமலே நாள் முழுதும் சில செகண்டுக்கு ஒரு முறை இமைக்கிறோமே, அது இன்னொரு வகை. இந்த இரண்டாவது இமைப்பு கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மாதிரி. கண்ணின் மேல் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் எப்போதும் இருக்கிறது. அதன் மேலே எண்ணெய்ப் பசையும் உள்ளே நீரும் உண்டு. ஒவ்வொரு இமைப்பும் அதைப் புதிதாகப் பரப்பி விடுகிறது. பரப்பாமல் விட்டால் படலம் அங்கங்கே உடைந்து கண் காய்ந்து போகும். எரிச்சல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், மங்கல் எல்லாம் அதனால்தான்.

முதல் வகை நீங்கள் என்ன வேலையில் மூழ்கியிருந்தாலும் வேலை செய்யும். இரண்டாவது வகை அப்படியல்ல. எதையாவது உற்றுப் பார்க்கும்போது குறைந்துவிடும். ஜப்பானைச் சேர்ந்த ட்சுபோட்டா, நாகாமோரி என்ற இருவர் 1993-ல் அலுவலக ஊழியர்களிடம் இதை எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 முறைதான் இமைத்தார்கள். கம்ப்யூட்டர் திரை முன்னால் 7 முறை. புத்தகத்தைக் குனிந்து படிப்பதால் இமை பாதி இறங்கியிருக்கும். திரையை நேராகப் பார்ப்பதால் கண் அகலமாகத் திறந்திருக்கும். அதனால் அதிகப் பரப்பு காய்கிறது. போதாக்குறைக்குத் திரை முன்னால் நாம் இமைக்கும்போது பல முறை முழுதாக மூடுவதே இல்லை.

நீங்களே எண்ணிப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதற்கு வசதி இருக்கிறது.

1. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி "கேமரா" என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வெப் கேமரா திறக்கும்.
2. வீடியோ படத்தைத் தேர்ந்தெடுத்து ரெக்கார்டிங்கைத் தொடங்குங்கள்.
3. பிரவுசரில் ஒரு செய்தியைத் திறந்து 3 நிமிடம் படியுங்கள். எண்ணுகிறோம் என்ற நினைப்பே வேண்டாம், நினைத்தால் கணக்கு மாறிவிடும்.
4. பிறகு திரையைப் பார்க்காமல் வீட்டில் யாரிடமாவது 3 நிமிடம் பேசுங்கள். ரெக்கார்டிங் ஓடட்டும்.
5. நிறுத்துங்கள். பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் கேமரா ரோல் என்ற ஃபோல்டரில் வீடியோ இருக்கும். ஓட்டிப் பார்த்து இரண்டு பகுதியிலும் இமைப்பை எண்ணி 3-ஆல் வகுத்துக் கொள்ளுங்கள்.

எனக்கு வந்த விடை 6-ம் 19-ம். சாப்ட்வேர் வேலையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்காருகிறவன் நான். கண்ணில் மிளகாய்த் தூள் போட்டது போல ஏன் இருந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

என்ன செய்யலாம்?

மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கட்டும். ஃபேன், ஏசி காற்று நேராக முகத்தில் படக் கூடாது. எழுத்து சிறியதாக இருந்தால் உற்றுப் பார்க்கத் தோன்றும். பிரவுசரில் கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து பெரிதாகும். விண்டோஸ் 11-ல் எல்லா இடத்திலும் பெரிதாக்க செட்டிங்ஸ், ஆக்ஸஸிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ் என்று போகலாம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தள்ளி இருப்பதை 20 செகண்ட் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்ப மரம் இருந்தால் போதும். அப்போது நாலைந்து முறை முழுதாக இமையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கிப் போட்டுக் கொண்டே இருக்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை டாக்டர் சொல்லாமல் நெடுநாள் போட்டால் கண்ணின் உள் அழுத்தம் கூடிப் பார்வையே போகலாம்.

இமை மூடாமல் போனபோது

இமைப்பு குறைந்தாலே இவ்வளவு தொல்லை. இமைப்பே நின்று போனால்?

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஊரில் இருக்கும் அம்மா காலையில் போன் செய்தார். "ஏங்கண்ணு, காப்பி குடிச்சா ஒரு பக்கமா வழியுது. மூஞ்சி கோணிக்கிட்டாப்பல இருக்குது. வலது கண்ணை மூட முடியலை." பக்கத்து வீட்டு அக்கா பின்னாலிருந்து, "காத்து பட்டிருக்குமுங்க, மந்திரிச்சா சரியாப் போயிரும்" என்று சொல்வது கேட்டது.

அன்றைக்கு ஆபீசில் ஒரு புராஜெக்ட்டைக் கொடுத்து முடிக்க வேண்டிய நாள். "ஞாயிற்றுக்கிழமை வர்றேம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து சீட் நண்பர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இப்பவே கிளம்புங்க, பக்கவாதமா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். கிளம்பினேன். மாமா அதற்குள் காரில் அம்மாவைக் கோவைக்கு அழைத்து வந்துவிட்டார். இருவரும் மருத்துவமனை வாசலில் எனக்கு முன்பே நின்றிருந்தார்கள்.

அந்த டாக்டர் செய்த சோதனையை அப்படியே சொல்கிறேன். முதலில், "புருவத்தைத் தூக்குங்கம்மா" என்றார். அம்மாவின் நெற்றியில் இடது பக்கம் மட்டும் சுருக்கம் விழுந்தது. வலது பக்கம் இஸ்திரி போட்டது போல இருந்தது. கை, கால், பேச்சு எல்லாம் சரியாக இருப்பதையும் பார்த்துக் கொண்டார்.

பிறகு பஞ்சை நுனியில் முறுக்கி, பக்கவாட்டிலிருந்து கொண்டு வந்து வலது கருவிழியின் ஓரத்தை லேசாகத் தொட்டார். இடது இமை மூடியது. வலது இமை மூடவில்லை. "பட்டதுங்களா?" என்றார். "பட்டுச்சுங்க" என்றார் அம்மா. அடுத்து இடது கண்ணைத் தொட்டார். மறுபடியும் இடது இமை மூடியது, வலது மூடவில்லை.

பழுது எங்கே? மேலே உள்ள சர்க்யூட்டைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

கீபோர்டில் டைப் செய்தால் புரொஜெக்டரில் எழுத்து வருகிறது, மானிட்டரில் வரவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். கீபோர்ட் நல்லது, சிபியு நல்லது, பழுது மானிட்டருக்குப் போகும் கேபிளில். அம்மாவுக்கும் அதுதான். வலது கண்ணைத் தொட்டதும் இடது இமை மூடியதால் வலது பக்கத்து இன்புட் சரி, பிராசஸும் சரி. எந்தக் கண்ணைத் தொட்டாலும் வலது இமை மூடவில்லை என்பதால் பழுது வலது 7-வது நரம்பில். எங்கள் தொழிலில் இதை டீபக்கிங் என்போம். நாங்கள் ஒரு நாள் முழுக்கத் தேடுவதை அவர் ஒரு பஞ்சு நுனியால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தார். (இதை யாரும் வீட்டில் செய்யக் கூடாது. கருவிழியில் கீறல் விழுந்துவிடும்.)

நெற்றியைப் பார்த்ததற்கும் காரணம் இருக்கிறது. நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது. மூளையின் ஒரு பக்கத்தில் பக்கவாதம் வந்தால் பொதுவாக நெற்றி தப்பித்துவிடும், வாய் மட்டும் கோணும். நெற்றியும் சேர்ந்து செயலிழந்தால் பெரும்பாலும் வெளியே வரும் நரம்பில்தான் கோளாறு. பெல்ஸ் பால்சி என்று பெயர். நம் பக்கம் முகவாதம் என்பார்கள். ஆனால் இந்தத் தீர்ப்பை வீட்டில் யாரும் எழுத வேண்டாம். முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் மணி பார்த்துக் கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. முகவாதத்துக்கும் கெடு உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு குணமாகும் வாய்ப்பு கூடுகிறது. நான் ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளியிருந்தால் அந்தக் கெடு போயிருக்கும்.

டாக்டர் அதிகம் கவலைப்பட்டது வாயைப் பற்றி அல்ல, கண்ணைப் பற்றித்தான். மூடாத கண் காய்ந்து, கருவிழியில் புண் வந்தால் பார்வை போகும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். லீவு போட்டு மூன்று வாரம் அதை நான் செய்தேன். ஒவ்வொரு இரவும் விரலால் அம்மாவின் இமையை இறக்கி விடும்போது, இது நாள் முழுக்க ஆயிரக் கணக்கான தடவை தானாக நடந்து கொண்டிருந்த வேலை என்று தோன்றும்.

இரண்டு மாதத்தில் அம்மாவுக்குச் சரியாகிவிட்டது. பெரும்பாலோருக்கு அப்படித்தான். ஆனால் இப்போதும் சிரித்தால் வலது கண் லேசாகச் சுருங்கும். திரும்ப வளர்ந்த நரம்பு இழைகளில் சில, வாய்க்குப் போக வேண்டியவை, கண்ணுக்குப் போய்விட்டன. ஒயரை மாற்றி மாட்டியது போல.

அதே பஞ்சு நுனி, வேறொரு வார்டில்

அம்மாவுக்கு ஒரு நரம்பைச் சோதித்த அதே பஞ்சு நுனியை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்னொரு கேள்விக்காக எடுக்கிறார்கள். இவருக்கு உயிர் இருக்கிறதா, இல்லையா?

மூளைத்தண்டில்தான் மூச்சும் இருக்கிறது என்று ஆரம்பத்தில் சொன்னேன். விபத்தில் தலையில் பலத்த அடிபட்டு மூளைத்தண்டு செத்துப் போனால் மூச்சு நின்றுவிடும், திரும்ப வராது. வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுவதால் இதயம் மட்டும் கொஞ்ச காலம் துடிக்கும். உடம்பு சூடாக இருக்கும். இதைத்தான் மூளைச்சாவு என்கிறோம். இந்தியாவில் 1994-ம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இதை மரணம் என்று ஏற்றுக் கொண்டது.

எப்படி உறுதி செய்கிறார்கள்? முகத்தின் சர்க்யூட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். கண்ணில் டார்ச் அடித்து மணி சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். கருவிழியைப் பஞ்சால் தொடுகிறார்கள். தலையைத் திருப்பிக் கண் எதிர்ப்பக்கம் நகர்கிறதா என்று பார்க்கிறார்கள், நீங்கள் இந்தப் பக்கத்தை வைத்துச் செய்த சோதனை. காதில் குளிர்ந்த நீர் விடுகிறார்கள். தொண்டையில் குழாய் பட்டால் குமட்டலோ இருமலோ வருகிறதா என்று கவனிக்கிறார்கள். கடைசியாக வென்டிலேட்டரை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்தபடி, தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று காத்திருக்கிறார்கள். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை செய்து கையெழுத்திட வேண்டும்.

சோதனைக்கு முன் இன்னொரு நிபந்தனையும் உண்டு. மயக்க மருந்து, விஷம், உடல் குளிர்ந்து போவது போன்ற காரணங்கள் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நம் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கட்டுவிரியன் கடித்தவரை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் விஷம் நரம்புக்கும் தசைக்கும் நடுவில் உள்ள இணைப்பைத் துண்டித்துவிடும். இமை தூக்காது, கண் அசையாது, மூச்சு வராது. பார்ப்பதற்கு மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் உள்ளே சிபியு முழுதாக வேலை செய்து கொண்டிருக்கும். விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உரிய நேரத்தில் கொடுத்தால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். அவுட்புட் வரவில்லை என்பதால் மட்டும் சிபியு போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. எந்த ஹார்ட்வேர் மெக்கானிக்கும் சொல்லும் பாடம் இது.

சில நேரம் மூளைச்சாவு அறிவித்த பிறகும் கை விரலோ காலோ லேசாக அசையும். "அசையறாரே, எப்படிச் செத்தாருங்கறீங்க?" என்று உறவினர்கள் துடித்துப் போவார்கள். கை கால்களின் சர்க்யூட் முதுகுத்தண்டில் இருக்கிறது என்று பார்த்தோம் அல்லவா? அது மூளை இல்லாமலும் கொஞ்ச நேரம் ஓடும். அதனால்தான் மருத்துவர்கள் கையைப் பார்த்து முடிவு செய்யாமல் முகத்தைப் பார்க்கிறார்கள். இந்த ஒரு விவரம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்த நேரத்தில் ஒரு குடும்பத்தின் குழப்பம் பாதி குறையும்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் பைக் விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். தாய், தந்தை இருவருமே மருத்துவர்கள். இந்தச் சோதனைகளின் பொருள் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். போலீசார் சென்னைச் சாலைகளில் வழி ஏற்படுத்தித் தர, அவன் இதயம் ஒரு சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பற்றி வீடுகளில் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கோவை மருத்துவமனைகளிலிருந்தும் அதன் பின் பல குடும்பங்கள் கொடுத்திருக்கின்றன. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

பாடத்தை முடிக்குமுன்

இமைக்கச் சொன்னது யார் என்ற கேள்விக்கு விடை இப்போது தெரிந்திருக்கும். நாம் இன்ஸ்டால் செய்யாத, நாம் ஒரு நாளும் திறந்து பார்க்காத புரோகிராம். வேலை செய்யும் வரை அது இருப்பதே தெரியாது. அது செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் உள்ளே ஒரு வழி, வெளியே ஒரு வழி உண்டு. வழி தெரிந்தால் பழுதையும் தெரிந்து கொள்ளலாம்.

இன்றைக்குக் கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன் மேலே சொன்ன வெப் கேமரா சோதனையைச் செய்து, உங்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வையுங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். கூடியிருந்தால் நல்லது. கூடவில்லை என்றால், மானிட்டரைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் எண்ணுங்கள்.